செயற்கை இரைச்சல் எங்கள் ரிசீவருக்கே கேட்கிறது, ஏன்?

நாலு_ஆன்டெனா:
எம்.இ. கடைசி வருட புராஜெக்ட். டிரான்ஸ்மிட்டரில் 4 ஆன்டெனா, ரிசீவரில் ஒன்று, 2.4 கிகாஹெர்ட்ஸ். அதே அலைவரிசையில் முன்னுரிமை உள்ள வேறொரு ரிசீவரும் இருக்கிறது, அதற்கு இடைஞ்சல் தரக்கூடாது. ஒட்டுக்கேட்பவர் எங்கே இருப்பார் என்று தெரியாது. அதனால் கோயலும் நெகியும் 2008இல் எழுதிய முறைப்படி, அவரைக் குழப்ப, இந்த இரண்டு ரிசீவர்களின் சேனலுக்கும் (அலை அவற்றைப் போய்ச் சேரும் பாதைக்கும்) செங்குத்தான, அதாவது அவற்றில் கேட்காத, திசைகளில் மட்டும் தகவலோடு இரைச்சலைக் கலந்து அனுப்புகிறேன். சிமுலேஷனில் எங்கள் ரிசீவருக்கு இரைச்சல் எட்டவே இல்லை. லேபில் காலையில் நன்றாக ஓடுகிறது. பதினோரு மணி தாண்டினால் ரிசீவர் திரையில் நான்காகத் தெரிந்த புள்ளிக்கூட்டங்கள் (வந்த தகவலைக் காட்டுபவை) ஒரே மேகமாகிவிடுகின்றன. சேனலை அளக்க அனுப்பும் சோதனை சிக்னல், அதாவது பைலட், 20 மில்லி செகண்டுக்கு ஒருமுறை. இரண்டு வாரமாக இதிலேயே கிடக்கிறேன்.

பழைய_ஆர்எஃப்:
பதினோரு மணிக்கு ஃபேன் போடுவீர்களா தம்பி?

நாலு_ஆன்டெனா:
ஆமாம் சார், மேசைக்கு நேர் மேலே.

பழைய_ஆர்எஃப்:
அதுதான். 1200 மி.மீ. ஃபேன் நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால் இறக்கை நுனி நொடிக்கு 19 மீட்டர் போகும். உங்கள் அலைநீளம் 12.5 செ.மீ. அப்படியானால் டாப்ளர் (அசைவால் வரும் அதிர்வெண் மாற்றம்) 150 ஹெர்ட்ஸ், இறக்கையில் பட்டுத் திரும்பும் அலைக்கு 300 வரை. சேனல் இரண்டு மூன்று மில்லி செகண்டில் மாறிவிடும், நீங்களோ 20 மில்லி செகண்ட் பழைய அளவை நம்பி இரைச்சலைத் திருப்புகிறீர்கள். வெறும் தகவல் மட்டும் அனுப்பினால் இந்தப் பிழை அவ்வளவாகத் தெரியாது. செயற்கை இரைச்சலில் பிழை எவ்வளவோ அவ்வளவும் கசிவுதான். முன்னுரிமை ரிசீவருக்கும் அதே கசிவு போகும், அதையும் அளந்து பாருங்கள்.

மேட்ரிக்ஸ்_அக்கா:
ஒன்று சேர்க்கிறேன். 4 ஆன்டெனாவில் உங்கள் ரிசீவருக்கு ஒரு திசை, முன்னுரிமை ரிசீவருக்கு ஒரு திசை போனால், இரைச்சலுக்கு மிச்சம் இரண்டுதான். 3 ஆன்டெனா வைத்து ஒட்டுக்கேட்பவர் அந்த இரண்டையும் கழித்துவிட்டுத் தகவலைப் பிரித்துவிடலாம். முன்னுரிமை ரிசீவரோடு அலைவரிசையைப் பகிராமல் இருந்தால் அவருக்கு 4 வேண்டும். ரிப்போர்ட்டில் இதை மறைக்காதீர்கள், வைவாவில் முதலில் கேட்பதே இதுவாகத்தான் இருக்கும். முடிந்தால் ஐந்தாவது ஆன்டெனா போடுங்கள்.

நாலு_ஆன்டெனா:
ஃபேனை நிறுத்தினேன், புள்ளிகள் உடனே நான்காகப் பிரிந்தன! பிறகு ஃபேனை ஓடவிட்டு, பைலட்டை 1 மில்லி செகண்டுக்கு ஒருமுறை வைத்தேன். கொஞ்சம் தடித்தாலும் பிரிந்தே நிற்கின்றன. பைலட்டுக்கே நேரம் போவதால் இரகசிய வீதம் (ஒட்டுக்கேட்பவருக்குத் தெரியாமல் நொடிக்கு அனுப்பக்கூடிய தகவல்) குறைகிறது, அந்தக் கணக்கை இன்று இரவு போடுகிறேன். மிக்க நன்றி சார், அக்கா. முன்னுரிமை ரிசீவர் பக்கம் நாளை அளக்கிறேன்.