நம்ம குடும்பம் குரூப்: ஓக்லஹோமா கௌபாய் மியூசியம்

தம்பி: சித்தப்பா, ஞாயித்துக்கிழமை டாலஸ்லருந்து ஓக்லஹோமா சிட்டி கௌபாய் மியூசியம் போறோம், பசங்களோட. 10 மணிக்கு அங்க இருந்தா போதுமா?

சித்தப்பா: ஞாயிறு 12 மணிக்குத்தான் திறப்பாங்க, 5க்கு மூடிருவாங்க. சனிக்கு மாத்திக்கோ, 10லருந்து 5 வரைக்கும் கிடைக்கும். ஐ-35ல வடக்கே 3 மணி நேரம். அப்புறம் ஐ-44, மார்ட்டின் லூதர் கிங் அவென்யூ எக்ஸிட்.

அக்கா: பசங்க இருந்தா வந்த உடனே வெளிப்பக்கம் பசங்க விளையாடுற இடம் லீச்சோகோஷ்கோமோ போயிரு. சிக்கசா பூர்வகுடி மொழில "விளையாடலாம்"னு அர்த்தம், 2020ல திறந்தது. கயோவா பூர்வகுடியோட டீபி கூடாரம், பானி பூர்வகுடியோட மண்வீடு எல்லாம் அங்கதான். மதிய வெயில்ல அது தாங்காது. தொப்பி, தண்ணி எடுத்துக்கோ.

தம்பி: சரிக்கா. உள்ள எதை விடக்கூடாது?

சித்தப்பா: வாசல் கூடத்துல குதிரை மேல தலை கவிழ்ந்து உக்காந்திருக்கிற பூர்வகுடி வீரன் சிலை, 'எண்ட் ஆஃப் தி டிரெயில்'. ஜேம்ஸ் ஏர்ல் ஃபிரேசர் 1915ல சான் ஃபிரான்சிஸ்கோ கண்காட்சிக்குச் செஞ்சது. வெண்கலம் இல்ல, பிளாஸ்டர். கண்காட்சி முடிஞ்சதும் கலிஃபோர்னியால ஒரு பூங்கால பல வருஷம் மழையில நின்னு நைஞ்சு போச்சு. 1968ல மியூசியம் வாங்கிச் சரிபண்ணுச்சு. சுத்தி வந்து பாரு. காத்து பின்னாலருந்து அடிக்கிறது குதிரை வால்லயே தெரியும்.

சித்தப்பா: ஆனா ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம்னா அமெரிக்கன் கௌபாய் கேலரி. அதுலயும் சேணம். டெக்சாஸ் சேணத்துல வயித்து வார் ரெண்டு இருக்கும், கலிஃபோர்னியா சேணத்துல நடுவுல ஒண்ணுதான். ஏன்னு பசங்களையே கேளு.

அத்தை: எனக்கே தெரியல, சொல்லுண்ணா.

சித்தப்பா: டெக்சாஸ்காரன் கயித்து நுனியைச் சேணத்துக்கு முன்னால நீட்டிக்கிட்டிருக்கிற கொம்புல இறுக்கிக் கட்டிருவான். சுருக்கு விழுந்த மாடு இழுக்கிறப்ப சேணத்தோட பின்பக்கம் தூக்கும். அதைப் பிடிச்சு வைக்கத்தான் ரெண்டாவது வார். கலிஃபோர்னியால மெக்சிகோ வக்கேரோ, அதாவது மாட்டுக்காரங்க, வழக்கம்: கயித்தைக் கட்டாம கொம்புல சுத்தி, கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கொடுக்கணும். அதிர்ச்சி கம்மி, ஒரு வாரே போதும். ஆனா சுத்துறப்ப கட்டைவிரல் கயித்துக்கும் கொம்புக்கும் நடுவுல மாட்டினா துண்டாயிரும். அதனால கட்டைவிரலை மேல் நோக்கி வச்சுச் சுத்தணும்.

அத்தை: அய்யோ!

தம்பி: முள்கம்பியும் வச்சிருக்காங்களாமே?

சித்தப்பா: ஆமா, டிராயரை இழுத்து இழுத்துப் பாக்கணும். பெரும்பாலானவங்க தாண்டிப் போயிருவாங்க, நீ போயிராதே. ஜோசப் கிளிடன்னு ஒரு விவசாயி 1874ல காப்புரிமை வாங்கின கம்பியைத் தேடு. வெறும் கம்பியை மாடு சாஞ்சே தள்ளிரும். முள்ளைச் சும்மா கோத்தா ஒரு பக்கமா நழுவிரும். அவர் ஒரு கம்பில முள்ளைச் சுத்தி, ரெண்டாவது கம்பியை அதோட முறுக்கினார். முள் நகராது. குளிர்ல சுருங்கினாலும் முறுக்கு தாங்கும், ஒத்தைக் கம்பி மாதிரி தெறிக்காது.

தம்பி: வேலிக்கும் கௌபாய்க்கும் என்ன சம்பந்தம்?

சித்தப்பா: உள்நாட்டுப் போருக்கு அப்புறம் டெக்சாஸ்ல 4 டாலர் போற மாடு வடக்க 40 டாலர் போச்சு. அதான் 1867லருந்து சிஷோம் பாதைங்கிற மாடு ஓட்டுற வழில, இந்த ஓக்லஹோமா வழியாவே, கான்சாஸ் ரயிலடிக்கு ஓட்டினாங்க. ஒரு மந்தைன்னா ஏறக்குறைய 2,500 மாடு, 10, 12 பேர். ஒரு நாளைக்கு 10லருந்து 15 மைல்தான். வேகமா ஓட்டினா எடை இறங்கி விலை போயிரும். வழியெல்லாம் முள்வேலி வந்து, டெக்சாஸுக்குள்ளயே ரயிலும் வந்ததும் அந்தப் பயணம் நின்னுபோச்சு. சேணத்தை முதல்ல பாத்துட்டு அப்புறம் டிராயருக்கு வா, ஆரம்பமும் முடிவும் தானாப் புரியும். கறுப்பின கௌபாய்கள் பத்தின பகுதியையும் நின்னு படிங்க. நாலுல ஒருத்தர் கறுப்பினத்தவர்னு ஒரு கணக்கு இருக்கு.

அக்கா: ப்ராஸ்பெரிட்டி ஜங்ஷனைக் கடைசில வச்சுக்கோ. 1900 வாக்குல இருந்த ஊரைக் கட்டிடத்துக்குள்ளயே கட்டியிருக்காங்க. அந்தி நேரம் மாதிரி வெளிச்சம் கம்மியாத்தான் இருக்கும். வெயில்லருந்து நேரா நுழைஞ்சா கண்ணு பழக ரெண்டு நிமிஷம் ஆகும், சின்னவன் கையைப் பிடிச்சுக்கோ.

தம்பி: சனிக்கிழமைக்கே மாத்திட்டேன் சித்தப்பா.