புதுப்பிப்பு: கர்ப்பத்தில் சைட்டோமெகலோ வைரஸ் ஐஜிஎம் பாசிட்டிவ் – குழந்தையின் பரிசோதனை முடிவு

மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையில், கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய சைட்டோமெகலோ வைரஸுக்கான ஐஜிஎம் (தொற்றின் தொடக்கத்தில் உடல் உருவாக்கும் எதிர்ப்புப்பொருள்) பாசிட்டிவ் என வந்ததால், குழந்தைக்குச் செவித்திறன் இழப்போ வளர்ச்சிக் குறைபாடோ ஏற்படுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

கைகொடுத்தது, ஐஜிஜி அவிடிட்டி பரிசோதனை (ஐஜிஜி என்ற எதிர்ப்புப்பொருள் வைரஸை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்று அளப்பது; நாளாக ஆக இறுக்கம் கூடும்) செய்யச் சொன்னவரின் யோசனைதான். ஐஜிஎம் ரத்தத்தில் பல மாதங்கள் நீடிக்கக்கூடும் என்பதால் அதை மட்டும் வைத்துத் தொற்றின் காலத்தைக் கணிக்க இயலாது. அவிடிட்டி அதிகமாக இருந்தால் தொற்று பெரும்பாலும் மூன்று மாதங்களுக்கு முந்தையது. எனக்கு அதிகமாகவே இருந்தது; அதாவது, தொற்று பெரும்பாலும் கர்ப்பத்துக்கு முன்பே வந்திருக்கும். (கர்ப்பத்தின் பிற்பகுதியில் செய்திருந்தால், மூன்று மாதங்களுக்கு முன் என்பதும் கர்ப்பகாலமாகவே இருக்கும் என்பதால், இந்தத் தெளிவு கிடைத்திருக்காது.)

எனினும், பழைய தொற்று மீண்டும் தலைதூக்கிக் கருவைத் தாக்குவதும் உண்டு என்பதால், பிறந்த 21 நாட்களுக்குள் குழந்தையைப் பரிசோதித்தோம். அதற்குப் பின் எடுத்தால், தொற்று கருப்பையில் வந்ததா பிறந்தபின் வந்ததா என்று பிரித்தறிவது கடினம். எதிர்பாராதது இங்கேதான் நடந்தது. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் எடுத்த உமிழ்நீரில் வைரஸ் இருப்பதாக முடிவு வந்தது, சிறுநீரிலோ இல்லை. தாய்ப்பாலிலும் இந்த வைரஸ் வெளிப்படும் என்பதால், பால் கொடுத்து ஒரு மணி நேரமாவது கழித்தே உமிழ்நீர் எடுக்க வேண்டுமாம். எங்களுக்கு முன்கூட்டி யாரும் இதைச் சொல்லவில்லை. ஆக, உமிழ்நீரில் தெரிந்தது தாய்ப்பாலிலிருந்து வந்த வைரஸாக இருக்கலாம்.

குழந்தையின் செவித்திறன் இயல்பாக உள்ளது. குழந்தைக்குச் சிறுநீரிலும் பாசிட்டிவ் வந்த பெற்றோர்கள், முதல் செவிச்சோதனையில் குறையில்லை என்றாலும், கேட்கும் திறன் பின்னாளிலும் குறையக்கூடும் என்பதால், தொடர் பரிசோதனைகளைக் கேட்டுப் பெறுங்கள்.