பழைய ஃபோர்ட்சன் மேஜர் டிராக்டர், பின்பக்கெட் இடப்பக்கம் திரும்பவில்லை. இது மறந்துபோன முன்மாதிரியா? (அவசரம்)

மண்வெட்டி_மணி:
வணக்கம். சனிக்கிழமைக்குள் ஓட்டியாக வேண்டும். பக்கத்து வீட்டுத் தாத்தாவின் ஃபோர்ட்சன் மேஜரில் பின்னால் தோண்டும் கை இருக்கிறது, அது இடப்பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறது. எங்கேயும் கம்பெனிப் பெயர் இல்லை, வெல்டிங் எல்லாம் கைவேலை. நீல பெயிண்டுக்கு அடியில் மஞ்சள் எட்டிப் பார்க்கிறது. ஜேசிபி ஆரம்பத்தில் செய்து பார்த்துக் கைவிட்ட வண்டியாக இருக்கலாம் என்கிறார் தாத்தா. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆயில்கை:
எந்த ஊர்? எந்த மேஜர், 1952-ல் வந்த புது மாடலா, அதற்கு முந்தைய ஈ27என்னா? முன்னால் பக்கெட் உண்டா? கை மேலே கீழே போகிறதா? படம் எங்கே?

டீசல்பிரியன்:
ஆயிலை மாற்றுங்கள். எது கெட்டாலும் முதலில் ஆயில்தான்.

பழைய_இரும்பு:
தம்பி, இந்தக் கேள்வி இங்கே மாதம் தவறாமல் வருகிறது. பெயர்ப்பலகை விழுந்துபோன வண்டியெல்லாம் முன்மாதிரி ஆகிவிடாது. மஞ்சள் பெயிண்ட் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஐம்பதுகளில் இங்கிலாந்தில் வெல்டிங் செட் வைத்திருந்தவர்களில் பலர் டிராக்டருக்குப் பின்னால் ஒரு கையை ஒட்டவைத்துப் பார்த்தார்கள். எசெக்ஸில் விட்லாக் சகோதரர்கள் ‘டிங்கம் டிக்கர்’ என்று ஒன்றை விற்றார்கள், இன்று எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? டிராக்டர் நம்பர் டிராக்டரின் வயதைத்தான் சொல்லும். பின்னால் பற்றவைத்த கை பத்து வருடம் கழித்து வந்திருக்கலாம். கொஞ்சம் படித்துவிட்டுக் கேளுங்கள்.

மண்வெட்டி_மணி:
டெர்பி பக்கம். முன்பக்கெட் உண்டு. மேலே கீழே நன்றாகப் போகிறது. ஆயில் போன மாதம்தான் மாற்றினோம். படம் ராத்திரி போடுகிறேன்.

டீசல்பிரியன்:
எந்த ஆயில் ஊற்றினீர்கள்? அதைச் சொல்லவில்லையே.

ஆயில்கை:
ஆயிலை விடுங்க அண்ணா, ஆயில் கோளாறு என்றால் வலப்பக்கமும் மந்தமாக இருக்கும். மணி, கை திரும்புவது எதனால்? அந்தக் காலத்துப் பல வண்டிகளில் அடியில் ஒரு செயின் இருக்கும், இரு பக்கமும் ஆளுக்கொரு சிலிண்டர் அதை இழுக்கும். உங்களுடையதும் அப்படி என்றால் ஒரு சோதனை செய்யுங்கள். பக்கெட்டைத் தரையில் வைத்து இன்ஜினை நிறுத்துங்கள், லீவர்களை இரண்டு பக்கமும் ஆட்டிப் பிரஷரை இறக்குங்கள், அப்புறம்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும். திருப்புவதற்கான இரண்டு ஓஸையும் (ஆயில் குழாய்) வால்வுப் பக்கத்தில் இடம் மாற்றிப் போடுங்கள். இப்போது இடப்பக்கம் திரும்பி வலப்பக்கம் நின்றுபோனால் கோளாறு வால்வில். இன்னும் இடப்பக்கமே நின்றால் சிலிண்டர், ஓஸ் அல்லது செயின்.

செம்மண்காடு:
தாத்தா சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஜேசிபி கம்பெனி இருக்கும் ரோசெஸ்டர் டெர்பிக்குப் பக்கம்தானே? ஜேசிபியை ஆரம்பித்த பாம்ஃபோர்ட் 1953-ல் நார்வேயில் ஒரு சின்னத் தோண்டியைப் பார்த்துவிட்டு வந்துதான் ஃபோர்ட்சன் மேஜருக்கு முன்னாலும் பின்னாலும் பக்கெட் வைத்தார். உலகின் முதல் பேக்ஹோ லோடர் (பின்னால் தோண்டி, முன்னால் அள்ளும் வண்டி) அதுதான்.

கன்வேயர்கண்ணன்:
முதலா? 1947-லேயே அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹப்பர்ட்ஸ்டனில் வெயின்-ராய் கம்பெனி ஆட்கள் ஹைட்ராலிக் கையைச் செய்துவிட்டார்கள். மறு வருடம் ஃபோர்ட் 8என் டிராக்டரில் மாட்டி ஒரு மின்சாரக் கம்பெனிக்கு விற்றும்விட்டார்கள்.

செம்மண்காடு:
அதில் பின்பக்கெட் மட்டும்தான். முன்னால் ஒன்றும் இல்லை. அது எப்படி லோடர் ஆகும்?

பழைய_இரும்பு:
இரண்டு பேரும் தப்பு. தனித்தனியாக வாங்கி மாட்டாமல் டிராக்டர், லோடர், பேக்ஹோ மூன்றையும் ஒரே வண்டியாகத் தொழிற்சாலையிலேயே சேர்த்துக் கொடுத்தது 1957-ல் வந்த, அமெரிக்கக் கேஸ் கம்பெனியின் 320.

செம்மண்காடு:
ஊரில் யாராவது “கேஸ் வந்திருக்கு” என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா சார்? எந்தக் கம்பெனி வண்டி வந்தாலும் நமக்கு அது ஜேசிபிதான்.

கன்வேயர்கண்ணன்:
ஜேசிபியை 1979-லிருந்து டெல்லி பக்கம் பல்லப்கரில் செய்கிறார்கள், அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. முதலில் செய்தது யார் என்பதற்கு அது எப்படி ஆதாரம் ஆகும்?

செம்மண்காடு:
கேபினுக்குள் டீ போட பிளக் வைத்து, முதலில் வாங்கிய 100 பேருக்குக் கெட்டிலும் கொடுத்த பாம்ஃபோர்டை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆயில்கை:
மணி இருக்கிறாரா இல்லையா? ஒரு வால்வைப் பற்றிக் கேட்டவருக்கு வரலாற்றுப் பாடம் நடத்துகிறோம். கையின் அடிக்கட்டை பின் சட்டத்தில் பக்கவாட்டில் நகர்கிறதா, நடுவில் ஒரே இடத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள். நகர்ந்தால் முதல் முயற்சியாக இருக்க வாய்ப்பு குறைவு, பிரிட்டனில் அந்த அமைப்பு கொஞ்சம் பிந்தித்தான் பரவியது.

மண்வெட்டி_மணி:
மன்னிக்கவும், நான்கு நாளாக வர முடியவில்லை. செயின்தான். ஓஸ் மாற்றினேன், வலப்பக்கம் நின்றுபோனது. வால்வைப் பிரித்தால் இடப்பக்க ரிலீஃப் ஸ்பிரிங் (பிரஷர் மிஞ்சினால் திறந்துவிடுவது) இரண்டு துண்டாகக் கிடந்தது, நடுவில் கரி மாதிரிக் கறுப்புச் சேறு. புது ஸ்பிரிங் போட்டு சனிக்கிழமை ஓட்டிவிட்டோம். ஆயில்கை அண்ணாவுக்கு நன்றி. அடிக்கட்டை நகராது, நடுவில்தான். பெயிண்டைச் சுரண்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன், தாத்தா வேண்டாம் என்றுவிட்டார்.

டீசல்பிரியன்:
கறுப்புச் சேறு என்றால் பழைய ஆயில்தானே? நான் அப்போதே சொன்னேன்.

பழைய_இரும்பு:
படம்?