லேசர் லாக்: கெயினை ஏற்றினால் 3.2 கிலோஹெர்ட்ஸில் ஆடுகிறது

கேட்பவர்: ஒளிமுனை

780 நானோமீட்டர் எக்ஸ்டர்னல் கேவிட்டி டயோடு லேசர். ருபீடியம்-87 இன் எஃப்=2 → எஃப்′=3 கோட்டில் லாக் செய்கிறேன், அதாவது லேசர் அதிர்வெண்ணை அங்கேயே நிறுத்துகிறேன். கரன்ட்டை 10 மெகாஹெர்ட்ஸில் மாடுலேட் செய்து எர்ரர் சிக்னல் (கோட்டிலிருந்து லேசர் எவ்வளவு விலகியது என்று காட்டும் வோல்ட்டேஜ்) எடுக்கிறேன். பி-ஐ கன்ட்ரோலரின் (பி விகிதப் பகுதி, ஐ இன்டெகிரேட்டர்) வெளியீடு, கிரேட்டிங்கை நகர்த்தும் பீசோவுக்கு (100 நானோஃபாரட்) மட்டும் போகிறது. கெயின் குறைவாக இருந்தால் மேசையைத் தட்டியதுமே லாக் போய்விடுகிறது. ஏற்றினால் ஸ்கோப்பில் சுத்தமான சைன் அலை, 3.2 கிலோஹெர்ட்ஸ். ஐ-யை எவ்வளவு திருப்பினாலும் அந்த அதிர்வெண் நகரவில்லை. இன்னொன்று, காலையில் நின்ற செட்டிங் மாலையில் ஆடுகிறது.

பதில்: சுழல்பலகை

ஐ-யை மாற்றியும் அதிர்வெண் நகரவில்லை என்றால் அநேகமாக அது பீசோ-கிரேட்டிங் மவுன்ட்டின் ஒத்ததிர்வுதான். இன்டெகிரேட்டர் 90 டிகிரி பின்தங்கும், ஒத்ததிர்வு உச்சியில் இன்னொரு 90. மொத்தம் 180. அந்த இடத்தில் லூப் கெயின் ஒன்றைத் தாண்டினால் லூப் தானே ஆடும்.

அளந்துவிடுங்கள். யூனிட்டி கெயின் (லூப் கெயின் ஒன்றாகும் அதிர்வெண்) 10 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும்படி மெதுவாக லாக் செய்து, பீசோவுக்குச் சில மில்லிவோல்ட் சைன் கொடுத்து 100 ஹெர்ட்ஸ் முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை ஓட்டுங்கள். எர்ரர் சிக்னல் அதன் நேர்கோட்டுப் பகுதியை விட்டு வெளியே போகாத அளவுக்குச் சைன் சிறியதாக இருக்கட்டும். உச்சி, தாழ் அதிர்வெண்ணில் இருப்பதைப்போல் எத்தனை மடங்கு?

ஒளிமுனை:

சுமார் 30 மடங்கு.

சுழல்பலகை:

அப்படியானால் வெறும் இன்டெகிரேட்டரை வைத்து 3200 ÷ 30, அதாவது 107 ஹெர்ட்ஸுக்கு மேல் யூனிட்டி கெயின் போக வழியில்லை. பாதி மார்ஜின் விட்டால் 50 தான். மேசையைத் தட்டினால் போவது இதனால்தான்.

கன்ட்ரோலருக்கும் பீசோ டிரைவருக்கும் நடுவே ட்வின்-டி நாட்ச் (ஒரு அதிர்வெண்ணைச் சுற்றி மட்டும் அடக்கும் ஃபில்டர்) போடுங்கள். தொடரில் இரண்டு 4.99 கிலோஓம், நடுவிலிருந்து தரைக்கு 20 நானோஃபாரட். இன்னொரு கிளையில் தொடரில் இரண்டு 10 நானோஃபாரட், நடுவிலிருந்து தரைக்கு 2.49 கிலோஓம். நாட்ச் 3.19 கிலோஹெர்ட்ஸில் விழும். பின்னால் பஃபர் இருக்கட்டும், சுமை ஏறினால் நாட்ச் ஆழம் கெடும். 5 சதவீதம் தள்ளி விழுந்தாலும் 30 டெசிபெல் வரை குறைப்பு கிடைக்கும், அதனால் வெப்பத்தில் ஒத்ததிர்வு கொஞ்சம் நகர்ந்தால் பரவாயில்லை. யூனிட்டி கெயினை 500 ஹெர்ட்ஸில் வைத்தால் அங்கே 33 டிகிரி பின்தங்கல் சேரும். ஃபேஸ் மார்ஜின் (180-ஐத் தொட மிச்சமுள்ள இடைவெளி) 57 டிகிரி மிஞ்சும். தாராளம்.

பதில்: நுண்ணலை

பீசோவுக்குத் தொடரில் 10 கிலோஓம் போட்டால் டிரைவர் இரைச்சலும் குறையும். ஆனால் அது 159 ஹெர்ட்ஸில் ஒரு போல் (pole, அதற்கு மேல் கெயின் குறைந்து பின்தங்கல் கூடும் இடம்). பி-ஐ மூலையையும் (ஐ-யிலிருந்து பி-க்கு மாறும் அதிர்வெண்) 159-க்கே கொண்டுவந்தால் இரண்டும் அடிபட்டு வெறும் இன்டெகிரேட்டர் மிஞ்சும். மூலையைப் பொருத்தாமல் ரெசிஸ்டரை மட்டும் போட்டுவிடாதீங்க, புது இடத்துல ஆட ஆரம்பிச்சுடும்.

மாலையில் ஆடுவதற்கு முதலில் ஃபோட்டோடயோடில் விழும் ஒளியைப் பாருங்கள். ஒளி கூடினால் எர்ரர் சரிவும் கூடும், லூப் கெயினும் கூடவே ஏறும். லாக் செய்வதற்கு முன் எர்ரர் சிக்னலின் உச்சி-பள்ள வோல்ட்டேஜைப் பார்க்கும் பழக்கம் நல்லது.

ஒளிமுனை:

நாட்ச் போட்டதும் யூனிட்டி கெயினை 450 ஹெர்ட்ஸ் வரை ஏற்றியும் ஆடவில்லை. அதற்கு மேலான வேகத்துக்கு லேசர் கரன்ட்டுக்கும் ஒரு பாதை சேர்த்தேன். இப்போது 1.2 மெகாஹெர்ட்ஸில் இரைச்சலில் ஒரு மேடு.

நுண்ணலை:

அது மெக்கானிக்கல் இல்லை, தாமதம். இன்டெகிரேட்டர் லூப் 1/(4×தாமதம்) இருக்கும் இடத்தில் 180 டிகிரியைத் தொடும், 1.2 மெகாஹெர்ட்ஸ் என்றால் தாமதம் சுமார் 200 நானோசெகண்ட். டீமாடுலேட்டருக்கு (எர்ரர் சிக்னலைப் பிரித்தெடுக்கும் பகுதி) பின் உள்ள லோ-பாஸ் 2 மெகாஹெர்ட்ஸாக இருந்தால் அதுவே 80 நானோசெகண்ட் சாப்பிடும். கேபிள் மீட்டருக்கு 5. ஃபில்டரை 4 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றுங்கள், கேபிளைச் சுருக்குங்கள். அப்புறமும் மேடு நின்றால் கரன்ட் பாதைக் கெயினை மூன்றில் ஒன்றாக இறக்குங்கள்.