வேர்க்கடலை மணக்கும் பழ பான்கேக்: செய்து பார்த்தவர்களின் அனுபவங்கள்

பான்கேக் மாவில் பொடித்துச் சேர்க்கும் வேர்க்கடலையின் மணம் வறுப்பில்தான் இருக்கிறது. வாசம் போதவில்லை என்று பொடியைக் கூட்டிக்கொண்டே போனால் பான்கேக் கனத்துப்போகும், அவ்வளவுதான். அடி கனமான வாணலியில் சிறு தீயில் 10 முதல் 12 நிமிடம், கை விடாமல் கிளறி வறுக்க வேண்டும். தீ கூடினால் தோல் கருகிவிடும், உள்ளே பச்சை வாசம் அப்படியே நிற்கும். ஒரு பருப்பை இரண்டாக உடைத்துப் பாருங்கள்: உள்பக்கம் வெளிர் பொன்னிறத்துக்கு வந்திருந்தால் போதும், உடனே தட்டில் கொட்டிப் பரப்பிவிடுங்கள். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் இன்னும் சிவக்கும்.

ஆறிய பிறகு தோலை ஊதிவிட்டு, மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி ரவை பதத்துக்குப் பொடியுங்கள். வேர்க்கடலையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். சூட்டோடு, தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும். சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் வறுப்பதற்கு முன்பே பொறுக்கி எறியுங்கள். பூஞ்சையால் வரும் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

* * *

வறுப்பு பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அளவைச் சேர்க்கிறேன். உள்ளங்கை அகலத்தில் 7 அல்லது 8 வரும்: மைதா 120 கிராம், வேர்க்கடலைப் பொடி 30 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், முட்டை 1, பால் 150 மி.லி., உருக்கிய வெண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், நன்கு கனிந்த வாழைப்பழம் மசித்தது 100 கிராம்.

மைதாவில் கால் பங்குக்கு மேல் கடலைப்பொடி போகக் கூடாது. கடலையில் குளூட்டன் (மாவுக்கு இழுவை தரும் கோதுமைப் புரதம்) கிடையாது. பொடி கூடினால் பேக்கிங் பவுடர் எழுப்பும் காற்றைப் பிடித்து வைக்க மாவில் வலு இருக்காது, திருப்பும்போதே பிளந்துவிடும். கோதுமை மாவில் செய்தால் பால் இரண்டு டேபிள்ஸ்பூன் கூடுதலாக வேண்டும்.

உலர்ந்ததைத் தனியாகவும் ஈரமானதைத் தனியாகவும் கலந்து, பிறகு ஒன்று சேர்த்து 12, 15 சுற்றோடு நிறுத்துங்கள். சின்னச் சின்னக் கட்டிகள் இருந்தால் பரவாயில்லை. வழவழவென்று அடித்த மாவு ரப்பர் மாதிரி இழுக்கும். 10 நிமிடம் மூடி வைத்தால் கடலைப்பொடி ஈரத்தை இழுத்து மாவு கொஞ்சம் இறுகும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் பட்டையாக, மெதுவாக விழ வேண்டும், ஒழுகக் கூடாது.

* * *

சொதப்பல் பெரும்பாலும் பழத்தால்தான். மசித்து மாவோடு கலக்க வாழைப்பழம் மட்டும்தான் ஏற்றது. மாம்பழம், ஸ்ட்ராபெரி போன்றவற்றை மசித்து ஊற்றினால் நடுப்பகுதி வேகாமல் களியாக நிற்கும். அவற்றை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துண்டுகளாக நறுக்கி, ஈரத்தைத் துணியில் ஒற்றியெடுத்து, மாவைக் கல்லில் ஊற்றிய பிறகு மேலே தூவுங்கள். ஒன்றுக்கு 6, 7 துண்டு தாராளம். ஆப்பிளைத் துருவிப் பிழிந்தால் மாவோடும் சேரும்.

சூடேற்றாத அன்னாசியைப் பால் சேர்ந்த மாவில் போட்டு வைக்காதீர்கள், கசக்கும். அதிலுள்ள என்சைம் பால் புரதத்தைச் சிதைப்பதால் வருவது அது. துண்டுகளைக் கொதிக்கும் அளவுக்குச் சூடேற்றி, ஆறவைத்துச் சேர்த்தால் அந்தத் தொல்லை இல்லை.

* * *

கல்லின் சூட்டை யாரும் சொல்லவில்லையே! பழச் சர்க்கரையும் கடலையும் சேர்ந்தால் சாதா பான்கேக்கைவிட வேகமாகச் சிவக்கும். தண்ணீர் தெளித்தால் துளிகள் துள்ளி ஓட வேண்டும். அந்தச் சூடு வந்ததும் தீயைக் குறைத்து, எண்ணெயைத் துணியால் மெல்லத் தேயுங்கள். கால் கப் மாவை ஒரே இடத்தில் ஊற்றி விட்டுவிடுங்கள். தோசை மாதிரி தேய்க்கவே கூடாது.

முதலில் வரும் குமிழியைப் பார்த்துத் திருப்பிவிடாதீர்கள். குமிழி உடைந்த துளை மூடாமல் அப்படியே நின்று, ஓரத்தின் பளபளப்பு மங்கினால்தான் நேரம். அதற்கு 2, 3 நிமிடம் ஆகும்; மறுபக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். திருப்பிய பின் கரண்டியால் அமுக்கினால் எழும்பிய காற்றெல்லாம் போய்விடும். பழத்துண்டு பட்ட இடத்தில் கல்லில் கருகல் ஒட்டும், ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு அடுத்ததை ஊற்றுங்கள்.

* * *

முட்டை வேண்டாதவர்களுக்கு: பாலுக்கும் முட்டைக்கும் பதிலாகக் கெட்டி மோர் 190 மி.லி., பேக்கிங் பவுடர் இரண்டுக்குப் பதில் 1 டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன். புளிப்போடு சோடா உடனே பொங்க ஆரம்பித்துவிடும், அதனால் ஊறவைக்காமல் சுட்டுவிட வேண்டும். சோடா கூடினால் சோப்பு வாடை அடிக்கும். புளூபெரி போட்டால் அதைச் சுற்றிப் பச்சை நிறம் படரும், கெட்டுப்போனதல்ல, சாப்பிடலாம்.

பொடிக்குப் பதில் வேர்க்கடலை வெண்ணெய் என்றால் 2 டேபிள்ஸ்பூன். வெதுவெதுப்பான பாலில் முதலில் கரைத்துக்கொள்ளுங்கள், நேராகப் போட்டால் திட்டுத்திட்டாக நிற்கும். அதிலேயே எண்ணெய் இருப்பதால் உருக்கிய வெண்ணெயை விட்டுவிடலாம்.

வெளியாட்களுக்குப் பரிமாறும்போது வேர்க்கடலை இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பொடியாகக் கலந்துவிட்டால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரு வாய்கூட ஆபத்தாகலாம். அதே கல்லில் அவருக்குத் தனியாகச் சுட்டுத் தருவதும் கூடாது.