சோஷியல் வொர்க்கர் வீட்டுக்கு வருகிறாரா? இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

பிள்ளையின் பள்ளியிலிருந்து போன் வருகிறது. கவுன்சிலின் (உள்ளூர் நிர்வாகத்தின்) குழந்தைகள் பிரிவுக்குத் தகவல் கொடுத்திருக்கிறோம் என்கிறார்கள். நம் ஆட்களுக்கு உடனே வரும் பயம் ஒன்றுதான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

சோஷியல் வொர்க்கர், அதாவது பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கும் கவுன்சில் ஊழியர், தன் இஷ்டத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போக முடியாது. நீதிமன்ற உத்தரவு வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் சம்மதம் வேண்டும். உடனடி ஆபத்து இருந்தால் போலீஸ் மட்டும் 72 மணி நேரம் வரை பிள்ளையைப் பாதுகாப்பில் வைக்கலாம். இதில் சம்மதம் என்பதைக் கவனியுங்கள். 1989ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தின் 20ஆம் பிரிவு (உங்கள் சம்மதத்தோடு பிள்ளையைக் கவுன்சிலின் பராமரிப்பில் விடுவது) என்று ஒரு தாளை நீட்டினால், வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பதற்றத்தில் போட்டிருந்தாலும் திரும்பப் பெறலாம்.

சோஷியல் வொர்க்கரும் பெற்றோரும் பேசும் கூட்டங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக உட்காருபவன் நான். இரண்டு பக்கமும் பார்ப்பதால் ஒன்று சொல்ல முடியும். வருபவர் உங்கள் குடும்பத்தைப் பிரிக்கத் திட்டம் போட்டு வருவதில்லை. பெரும்பாலும் உங்கள் ஃபைலைப் படிக்கவே நேரமில்லாமல் வருகிறார். குடும்பங்களுக்குச் சிக்கல் தருவது அதுதான்.

2022 செப்டம்பர் அரசுக் கணக்குப்படி, இங்கிலாந்தின் குழந்தைகள் பிரிவில் ஐந்தில் ஒரு சோஷியல் வொர்க்கர் இடம் காலி. ஏறக்குறைய 7,900 இடங்கள். அந்த ஒரே வருடத்தில் 5,400 பேர் வேலையை விட்டிருக்கிறார்கள். இருப்பவர் ஒருவர் கையில் சராசரியாக 16க்கு மேல் கேஸ்கள். அதன்பின் நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது, ஆனாலும் காலியிடங்கள் நிறையவே இருக்கின்றன. அனுபவசாலிகள் போய்விடுவதால், படிப்பை முடித்து வந்தவர் தலையிலேயே சிக்கலான கேஸ் விழுகிறது. ஓட்டையை அடைக்கத் தற்காலிகமாக ஏஜென்சி ஆட்கள் வருவார்கள், சில மாதங்களில் வேறு கவுன்சிலுக்குப் போய்விடுவார்கள். நிரந்தர வேலையை விட்டவரை அதே வட்டாரத்தில் மூன்று மாதத்துக்கு ஏஜென்சி வழியாக எடுக்கக் கூடாது என்று 2024 அக்டோபரில் விதி கொண்டுவரும் அளவுக்கு இது முற்றிப்போயிருந்தது.

ஒரு குழந்தை கொல்லப்பட்டால் ஊரே சோஷியல் வொர்க்கர்களைத் திட்டும், அதுவும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2007இல் லண்டனில் பீட்டர் கானலி, 2020இல் ஆர்தர் லபிஞ்சோ-ஹியூஸ், ஸ்டார் ஹாப்சன் என்ற குழந்தைகள் அப்படிக் கொல்லப்பட்டார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் அடுத்த தடவை தவறவிட்டால் தன் பெயர் பத்திரிகையில் வரும் என்ற பயத்தோடு ஒருவர் உங்கள் வீட்டு சோபா நுனியில் உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரிந்திருந்தால் நல்லது.

சரி, நடைமுறைக்கு வருவோம். புதிதாக ஒருவர் வருவார். மடியில் லேப்டாப். பிள்ளை எங்கே தூங்குகிறது, அறையைப் பார்க்கலாமா, சாயங்காலம் யார் பார்த்துக்கொள்கிறார்கள், கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று முன்பு வந்தவர் கேட்டதையே திரும்பக் கேட்பார். அம்மாவுக்கு எரிச்சல் வரும். "எல்லாம் சொல்லியாச்சே, எத்தனை தடவை சொல்றது?" என்பார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் விரல்கள் தட்டும். பெற்றோர் ஒத்துழைக்கவில்லை என்ற தொனியில் ஒரு வரி ஏறிவிட்டால், அடுத்து வருபவர் படிப்பது அந்த வரியைத்தான்.

அதனால் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, வந்தவர் பெயர், என்ன கேட்டார், என்ன செய்வதாகச் சொன்னார். அவர் போனதும் அன்றைக்கே நாலு வரி மின்னஞ்சல்: இன்று இதைப் பேசினோம், நீங்கள் இதை அனுப்புவதாகச் சொன்னீர்கள். ஆள் மாறினாலும் மின்னஞ்சல் நிற்கும். உங்கள் குடும்பத்தைப் பற்றிய மதிப்பீட்டை 45 வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். யாரும் கூப்பிடவில்லை என்றால் கேஸ் மூடிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டிருக்கலாம். மூடியதற்குக் கடிதம் கேளுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள், காசு கேட்க மாட்டார்கள். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க விடவே வேண்டாம். போனில் வருபவர் யாழ்ப்பாணத் தமிழ் பேசி உங்களுக்குப் பிடிபடவில்லை என்றாலோ, மறுபுறமாக இருந்தாலோ, அதையும் சொல்லலாம். தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

அடிப்பது பற்றிச் சுருக்கமாக. ஸ்காட்லாந்தில் 2020லிருந்தும் வேல்ஸில் 2022லிருந்தும் முழுத் தடை. இங்கிலாந்தில் 'நியாயமான தண்டனை' என்ற வாதம் சட்டத்தில் இருக்கிறது. அதை நம்பிக் கையை ஓங்காதீர்கள், உடம்பில் அடையாளம் விழுந்தால் அது காப்பாற்றாது. பிள்ளை டீச்சரிடம் சொன்னதை டீச்சர் மேலே சொல்லியே ஆக வேண்டும். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

ஊரிலிருந்து உறவுக்காரப் பையனைப் படிக்க அழைத்து வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். விசா ஒரு பக்கம் இருக்கட்டும். 16 வயதுக்குக் கீழான பிள்ளை, நெருங்கிய உறவில்லாதவர் வீட்டில் 28 நாள் அல்லது அதற்கு மேல் தங்கினால் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். தாத்தா, பாட்டி, கூடப் பிறந்தவர், பெற்றோரோடு கூடப் பிறந்தவர் எல்லாம் நெருங்கிய உறவு. அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி சேரமாட்டார், நமக்கு எவ்வளவு நெருக்கமானாலும். 2000இல் எட்டு வயதில் கொல்லப்பட்ட விக்டோரியா கிளிம்பியே ஐவரி கோஸ்டிலிருந்து பெற்றோரின் சித்தி முறையானவரோடு வந்த குழந்தை. இந்த விதியில் ஏன் இவ்வளவு கறார் என்பது அப்போது புரியும்.

விஷயம் முற்றி, நீதிமன்றம் போக யோசிக்கிறோம் என்று கவுன்சில் எழுதும் வழக்குக்கு முந்தைய கடிதம் வந்தால், பெற்றோரின் சம்பளம் எவ்வளவு என்று பார்க்காமல் அரசு செலவில் வக்கீல் கிடைப்பார். கடிதத்தை எடுத்துக்கொண்டு அன்றைக்கே குடும்ப வழக்கு பார்க்கும் சொலிசிட்டரிடம் போங்கள். விசா பார்த்துக் கொடுத்த வக்கீலிடம் போக வேண்டாம்.

கடைசியாக, சோஷியல் வொர்க்கரை மாற்றிக் கேட்கலாமா என்று சிலர் கேட்பார்கள். கேட்கலாம், உரிமை இருக்கிறது. ஆனால் ஆள் தட்டுப்பாட்டில் புதியவர் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும், வந்தவரும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். முதலில் டீம் மேனேஜருக்கு எழுதிப் பாருங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் கவுன்சிலின் புகார் பிரிவு, அதன்பின் கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மன்.