டிரைவர் இல்லாத டாக்ஸியின் கதவு என்மேல் திறந்தது

சான் பிரான்சிஸ்கோவில் தினமும் வேலைக்கு சைக்கிளில்தான் போய் வருகிறேன். போன மாதம் ஒரு சாயங்காலம், மிஷன் பகுதியில் டிரைவர் இல்லாத டாக்ஸி ஒன்று சைக்கிள் பாதையை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் வண்டி வரவில்லை என்று திரும்பிப் பார்த்துவிட்டு, இடது பக்கம் விலகிக் கடந்தேன். அந்த நேரம் பார்த்துப் பின்கதவு திறந்தது. அதன் விளிம்பு ஹேண்டில்பாரில் இடித்ததும் நான் ரோட்டில் கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு எலும்பில் விரிசல்.

விழுந்த வேகத்தில் என் கண் முதலில் போனது முன் சீட்டுக்குத்தான். அங்கே ஸ்டீயரிங் மட்டும் இருந்தது. கதவைத் திறந்த அம்மா பதறிப்போய், "வண்டி நின்னுடுச்சே, இறங்கலாம்னு நினைச்சேன்" என்றார். உள்ளே ஸ்பீக்கரில் உதவி மையத்திலிருந்து ஒருவர் அவரிடம் அடி பட்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வெளியே கிடந்த என்னை அந்தக் குரல் கேட்கவே இல்லை. இன்றைக்கு வரை மனதை அறுப்பது அதுதான்.

அப்புறம்தான் சட்டத்தைப் படித்தேன். கலிஃபோர்னியா வாகனச் சட்டம் 22517ஆம் பிரிவு, வாகனங்கள் போகும் பக்கத்துக் கதவை ஆபத்தில்லை என்றால் மட்டுமே திறக்கலாம் என்கிறது. டிரைவர் என்று குறிப்பிடவில்லை, யாராக இருந்தாலும் பொருந்தும். அப்படியென்றால் பழி அந்த அம்மாமேல் விழும். ஆனால் சைக்கிள் பாதையில் வண்டியை நிறுத்தியது அவரா? அங்கே இறக்கிவிட முடிவெடுத்த நிறுவனம்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இந்த வண்டிகளை ஓட்ட 50 லட்சம் டாலருக்குக் காப்பீடோ ஈடோ காட்டியாக வேண்டும் என்பது மாநில விதி. சும்மாவா வைத்தார்கள்?

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா? எழுதுங்கள்.

பதில்

படிக்கவே பதறுகிறது, கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் அனுபவம் நாலு பக்கமும் ஸ்டாப் போர்டு இருக்கும் சந்திப்பில். மனிதர் ஓட்டினால் கண்ணைப் பார்ப்போம், தலையசைப்பார், போவோம். இதில் யாரைப் பார்ப்பது? நான் காலை ஊன்றாமல் சைக்கிளிலேயே சமாளித்து நின்றேன். கார் அரை அடி நகர்ந்து நின்றது, மறுபடி நகர்ந்து நின்றது. காலைத் தரையில் வைத்த பிறகுதான் போனது. உரசாமல் இடம் விட்டுப் போவதில் இவை பல டிரைவர்களைவிட மேல் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரிய வண்டிக்குப் பின்னால் மட்டும் ஒட்டிப் போகாதீர்கள். 2024 பிப்ரவரியில் நம் ஊரிலேயே லாரி மறைவிலிருந்து வந்த சைக்கிள்காரர்மேல் இப்படி ஒரு டாக்ஸி இடித்தது. நல்லவேளை, சின்னக் காயம்தான்.

பதில்

பொறுப்பு யார்மேல் என்ற கேள்வி வந்தாலே எனக்கு அரிசோனா, டெம்பி சம்பவம்தான் ஞாபகம் வரும். 2018 மார்ச் 18, இரவு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மணிமேல் தானாக ஓடும் சோதனைக் கார் ஒன்று மோதி அவர் இறந்துபோனார். மோதுவதற்கு 5.6 வினாடி முன்பே கருவி அவரைக் கண்டுவிட்டது. ஆனால் வாகனம், வேறு ஏதோ, சைக்கிள் என்று மாற்றி மாற்றி முடிவு செய்தது. ஒவ்வொரு தடவை மாறும்போதும் அதுவரை அவர் எப்படி நகர்ந்தார் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. கடைசியில் தண்டனை, காரில் கண்காணிப்பாளராக உட்கார்ந்திருந்தவருக்கு மட்டும். நிறுவனத்தின்மேல் குற்ற வழக்கே இல்லை. இப்போது அந்த சீட்டிலும் ஆள் இல்லை.

போலீஸ் அறிக்கை வாங்கினீர்களா? 2024இல் நிறைவேறிய ஏபி 1777 என்ற கலிஃபோர்னியா சட்டப்படி, 2026 ஜூலை முதல் விதிமீறல் அறிவிப்பைப் போலீஸ் நிறுவனத்துக்கே கொடுக்கலாம்.

முதல் பதிவர்

வாங்கிவிட்டேன். நம்பர் பிளேட்டையும், சைக்கிள் பாதைக் கோட்டுக்குள் சக்கரம் நிற்பதையும் அங்கேயே படம் எடுத்தேன். காரின் கேமராப் பதிவு முழுக்க அவர்கள் கையில்தானே இருக்கிறது, அதை அழிக்காமல் வைக்கச் சொல்லி வக்கீல் மூலம் கடிதம் போயிருக்கிறது. வழக்குப் போட 2 வருடம் அவகாசம் உண்டு. மாவுக்கட்டை அடுத்த வாரம் பிரிக்கிறார்கள். கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.